குதிரை செத்தால் பணம், நொண்டினால் இல்லை: என் 64,500 ரூபாய் போன விதம்

நேற்று மாலை தபாலில் வந்த கடிதத்தை இதுவரை ஏழெட்டு முறை படித்துவிட்டேன். என் குதிரையின் காயத்துக்காக நான் கேட்ட தொகை பாலிசியின் வரம்புக்குள் வரவில்லை என்று இரண்டே பத்தியில் முடித்திருக்கிறார்கள். நான் செலவழித்த 64,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரப்போவதில்லை. குதிரை வைத்திருப்பவர்கள் காப்பீட்டுப் பத்திரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எனக்குச் சிறிய தோட்டம் இருக்கிறது. சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில், காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்த ஐந்து வயது செவலைக் கத்தியவார் பெண் குதிரையை 1,80,000 ரூபாய்க்கு வாங்கினேன். அவ்வளவு பணம் கொட்டி வாங்கியதைக் காப்பீடு இல்லாமல் வைத்திருக்கப் பயமாக இருந்தது. வீடு தேடி வந்து கால்நடைக் காப்பீடு எடுத்துத் தரும் முகவர் அலுவலகம் ஒன்றை ஒரு தீவனக் கடையில் சொன்னார்கள். ஆவணியில் அங்கிருந்து ஓர் இளைஞர் வந்தார்.

நான் ஏமாந்த இடம் அதுதான். வந்தவர் நேராகத் தாளை நீட்டவில்லை. குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்து, வெல்லம் ஊட்டி, நெற்றிச் சுழியையும் கழுத்துச் சுழிகளையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டார். சந்தையில் நாம் ராசி பார்க்கும் அதே சுழிகள் காப்பீட்டில் அடையாளக் குறிகளாக எழுதப்படுகின்றன என்று அவர் விளக்கியபோது, தொழில் தெரிந்த பையன் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். "குதிரைக்கு என்ன ஆனாலும் எங்க பொறுப்புங்கண்ணா, நீங்க நிம்மதியா இருங்க" என்றார். மதிப்பில் ஐந்து விழுக்காடு என்ற கணக்கில் 9,000 ரூபாயும் வரியும் கட்டினேன். கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழையும் நானே வாங்கிக் கொடுத்தேன். முன்மொழிவுப் படிவத்தில் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்ததைப் பார்த்தும், அலுவலகத்தில் நிரப்பிக்கொள்வதாக அவர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். பின்னர் வந்த பத்திரம் பதினொரு பக்க ஆங்கிலத்தில் இருந்தது, அதை அப்படியே பீரோவில் வைத்துவிட்டேன்.

தை மாதத்தில் ஒரு விடியற்காலை, தெருநாய்கள் துரத்தியதில் மிரண்ட குதிரை வாய்க்காலின் சிமெண்ட் கரையில் சறுக்கி விழுந்தது. இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் வாழைக்காய் கணக்காக வீங்கிவிட்டது. அரைமணி நேரத்துக்குள் அந்த இளைஞருக்குத் தொலைபேசியில் சொல்லிப் படங்களையும் அனுப்பினேன். "நல்ல வைத்தியமா பாருங்கண்ணா, பில்லை மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க" என்று அவர் எழுதிய பதில் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

அந்த ஒரு வரியை நம்பித்தான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மினி லாரியில் இரண்டு முறை கொண்டுபோனேன். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பாதி கிழிந்திருக்கிறது, ஆற ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும், நடக்கும், ஆனால் பழைய வேகத்தில் ஓடுமா என்பது சந்தேகம் என்றார்கள். லாரி வாடகை 14,000, ஸ்கேனுக்கும் மருந்துக்கும் 22,300, கட்டு மாற்ற வீட்டுக்கு வந்துபோன தனியார் மருத்துவருக்கு 19,700, தனி லாடத்துக்கு 8,500. கூட்டினால் 64,500 ரூபாய். அத்தனைக்கும் ரசீது இருக்கிறது.

பிறகு அலைக்கழிப்பு தொடங்கியது. முதல் வாரம் "மேலே அனுப்பியாச்சுங்கண்ணா" என்றார்கள். இரண்டாம் வாரம் அந்த இளைஞர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட, அலுவலகத்தில் இருந்த பெண் அவர் ஃபீல்டுக்குப் போயிருப்பதாக ஐந்து நாட்கள் ஒரே பதிலைச் சொன்னார். கட்டணமில்லா எண்ணில் பாட்டு கேட்டுக் கேட்டு அந்த மெட்டே மனப்பாடமாகிவிட்டது. மூன்றாம் வாரம் காது வில்லையின் எண் தெரியும்படி படம் வேண்டும் என்றார்கள். மாட்டுக்குப் போடும் வில்லையைக் குதிரைக்குக் கேட்கிறீர்களே, சுழிகளைப் படம் எடுத்தது உங்கள் ஆள்தானே என்று நான் கத்திய பிறகு, ரேக்ளா பந்தயத்தில் ஓட்டியதால்தான் கால் போனதா என்று விசாரித்தார்கள். என் குதிரை வண்டியில் பூட்டப்பட்டதே இல்லை.

கடைசியில் காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கே நேரில் போனேன். அங்கிருந்த அதிகாரி பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப்போயிருந்தா செட்டில் பண்ணியிருப்போம் சார்" என்றார். அவர் குரலில் கேலி இல்லை, விதியைத்தான் சொன்னார். தொழுவத்தில் மூன்று காலில் நின்றுகொண்டிருக்கும் பிராணியை நினைத்தபோது எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அன்றிரவு மகளை உட்காரவைத்துப் பதினொரு பக்கங்களையும் படித்தேன். நான் வாங்கியது விபத்தாலோ நோயாலோ நேரும் மரணத்துக்கான காப்பீடு மட்டுமே. மருத்துவச் செலவு அதில் எங்குமே இல்லை. நிரந்தர முழு ஊனத்துக்கு உரிய பிரிவு கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் சேரும். என் படிவத்தில் காலியாக விடப்பட்ட கட்டங்களில் அதுவும் ஒன்று, அங்கே 'வேண்டாம்' என்று யாரோ நிரப்பியிருக்கிறார்கள். அது இருந்திருந்தாலும், குதிரை எதற்காக வைக்கப்பட்டதோ அந்த வேலைக்கு இனி என்றைக்குமே ஆகாது என்று மருத்துவர் சான்றளித்தால்தான் பணம் வரும், ஓராண்டில் ஆறக்கூடிய காயத்துக்கு வராது. வெளிநாடுகளில் உயிரிழப்பு, மருத்துவச் செலவு, பயன் இழப்பு (உயிரோடு இருந்தும் வேலைக்கு ஆகாமல் போவது) ஆகிய மூன்றையும் தனித்தனியாக விலை சொல்லி விற்கிறார்கள், எது இல்லை என்பதாவது வாங்குகிறவருக்குத் தெரியும். இங்கே 'எங்க பொறுப்பு' என்ற இரண்டு சொல்லில் மூன்றையும் சுருட்டி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

விரிவாகச் சொல்வதாக எழுதினேன். கை நடுங்குகிறது, ஆகையால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். காலிக் கட்டம் இருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். காயத்துக்கு வைத்தியச் செலவு கிடைக்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அடிபட்ட அன்றே முகவரை விட்டுவிட்டு நிறுவனத்துக்கு நேரடியாகத் தகவல் கொடுங்கள். குதிரை வலியில் துடிக்கிறது என்பதற்காக மருத்துவர் சான்றும் நிறுவனத்தின் சம்மதமும் இல்லாமல் கருணைக்கொலை செய்துவிடாதீர்கள், மரணத்துக்கான தொகையும் போய்விடும். மறுப்புக் கடிதம் வந்தால் கிழித்துப் போடாமல் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் ஓராண்டுக்குள், நிறுவனத்தைச் சாராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம், சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அந்தக் கைப்பேசிப் பதிலை அச்செடுத்து நானும் அனுப்பப் போகிறேன், 64,500 ரூபாய் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

லாடம் அடிப்பவர் வாசலில் வந்து நிற்கிறார். இன்றைக்கு அவருக்குக் கொடுக்க வேண்டியது அந்த 64,500இல் சேராத கணக்கு.