ராம்நாட்டில் கோர்ஸ்வொர்க் பிளானிங்: புத்தகம் வேண்டாம், மேடத்தைக் கேளுங்க

மண்டபம் பக்கம் ஒரு ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எச்.எம். நான். கல்வித் தலைமைத்துவத்தில் பார்ட் டைம் பிஎச்.டி. பதிந்த கையோடு, ராம்நாட்டில் ஒரு மாடியில் நடக்கிற ஆய்வு வழிகாட்டி மையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். பிஎச்.டி.யின் தொடக்கத்தில் படித்துத் தேற வேண்டிய பாடத் தாள்கள்தான் கோர்ஸ்வொர்க். அதைத் திட்டமிட அவர்கள் தருகிற ‘கோர்ஸ்வொர்க் பிளானிங் தொகுப்பு’ 6,500 ரூபாய். சி.ஆர்.சி. என்கிற, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போனாலே யாராவது ஒரு டீச்சர் அதைப் பற்றி விசாரிக்கிறார். அதனால் எழுதிவிடுகிறேன்.

ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஒரு புத்தகம் தருவார்கள். பார்க்க ஜோர். உள்ளே இருப்பது அமெரிக்காவின் எட்.டி. படிப்புக்கான திட்டம். அங்கே பள்ளி நிர்வாகிகள் வேலையில் இருந்துகொண்டே படிக்கிற முனைவர் பட்டம் அது. பாட அளவைச் சொல்லும் கிரெடிட் கணக்கில், பல பல்கலைக்கழகங்களில் ஐம்பது, அறுபது வரை போகும். நமக்கோ பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைப்படி கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். ‘பள்ளி நிதி’ என்று ஒரு தாள், சொத்து வரியிலும் கடன் பத்திரத்திலும் பணம் திரட்டுவதைப் பற்றி. என் பள்ளிக்கு வருவது பிள்ளைகள் எண்ணிக்கையைப் பார்த்துத் தருகிற மானியம். உப்புக் காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பியையும் அதற்குள்தான் மாற்றியாக வேண்டும். சொத்து வரியை வைத்து நான் என்ன செய்ய?

நமக்கு வேண்டியது யுஜிசி தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. ஆய்வு முறையியல் கட்டாயம். ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் 2 கிரெடிட், 30 மணி நேரம், அதுவும் கட்டாயம். கோர்ஸ்வொர்க்கில் 55 சதவீதம் எடுக்க வேண்டும். மிச்சத் தாள்களைக் கைடிடமும் ஆய்வு ஆலோசனைக் குழுவிடமும் பேசித்தான் முடிவு செய்ய முடியும். அந்தக் குழு பரிந்துரைத்தால் யுஜிசி அங்கீகரித்த ஆன்லைன் பாடத்தையும் கிரெடிட்டில் சேர்க்கலாம். பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் பஸ் ஏறுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதே தொகுப்பில் ஒரு மணி நேர ஆலோசனையும் உண்டு. காசுக்கு மதிப்பு அங்கேதான். ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. “ஸ்கூல் நாள்காட்டி கொண்டு வந்திருக்கீங்களா, டீச்சர்?” என்றார். மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுச் சிவப்பு மையில் கோடு இழுத்தார். முறையியல் முதலில். அரையாண்டுத் தேர்வு, பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் வேலை வருகிற வாரங்களில் எந்த அசைன்மென்ட்டும் வைக்கக் கூடாது.

என் தலைப்பு, கடலோரப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். ஆனால் எங்கள் அம்மாக்கள் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிற நாளில் கூட்டம் போட்டால் நாற்காலிதான் உட்கார்ந்திருக்கும். இதைச் சொன்னதும், “அப்ப பகிர்ந்த தலைமைத்துவம் பற்றிய தாளை எடுங்க. அதுக்கு எழுதுற அசைன்மென்ட்டையே ரெண்டாம் அத்தியாயத்துக்கு வச்சுக்கலாம்” என்றார். அப்பாக்களைப் பேட்டி எடுப்பதை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டார். “நாட்டுப்படகுக்காரங்களுக்குத் தடை கிடையாது மேடம்” என்றேன். “அப்ப அவங்களுக்கு வேற மாசம்” என்று உடனே அடித்துத் திருத்தினார். அந்தக் காலண்டர் தாள் இன்னும் என் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது.

கிளம்பும்போது முன் மேசைப் பையன் ஒரு விலைப்பட்டியலை நீட்டினான். அசைன்மென்ட் எழுதித் தருவார்களாம், தாளுக்கு 1,500. நெறிமுறைகள் தாளுக்கும் அதே ரேட். திருட்டு எழுத்து ஏன் கூடாது என்று பாடம் சொல்லும் தாளை யாரோ எழுத, நாம் கையெழுத்துப் போட வேண்டும்! மேடத்துக்கு இது தெரியுமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

புத்தகம் இல்லாமல் ஆலோசனை மட்டும் 800 ரூபாய். போர்டில் போட மாட்டார்கள், கேட்டால் தருவார்கள். மேடம் சனிக்கிழமை காலையில் மட்டும் வருகிறார். போகும்போது பள்ளி நாள்காட்டி, உங்கள் பல்கலைக்கழகத்தின் தாள் பட்டியல் இரண்டையும் கையில் எடுத்துப் போங்கள்.