ஆயத்த பாலிசியா, நாமே எழுதும் பாலிசியா? ஏ.டபிள்யூ.எஸ். அனுமதிகள்: ஓர் ஒப்பீடு

அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.ஸில், இரவுதோறும் பேக்கப் எடுத்து எஸ்3 பக்கெட்டில் (கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) சேர்க்கும் ஒரு சிறிய நிரலுக்கு எவ்வளவு அனுமதி கொடுப்பது என்று அண்மையில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. யார் எதைச் செய்யலாம் என்று சொல்லும் அனுமதி ஆவணம்தான் பாலிசி; அதை ரோலுடன், அதாவது நிரலோ ஆளோ ஏற்றுக்கொள்ளும் அடையாளத்துடன், இணைக்கிறோம். அமேசானே பராமரிக்கும் ஆயத்த பாலிசி, ரோலுக்குள்ளேயே எழுதிவைக்கும் இன்லைன் பாலிசி, நாமே எழுதித் தனியாக வைத்துக்கொள்ளும் கஸ்டமர் மேனேஜ்டு பாலிசி என்று மூன்று வழிகள் இருந்தன. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலும் அதன் பக்கமே சாயும்.

ஆயத்த பாலிசியை இணைப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் 'அமேசான் எஸ்3 ஃபுல் ஆக்சஸ்' கணக்கிலுள்ள அத்தனை பக்கெட்டுகளையும் படிக்கவும் எழுதவும் அழிக்கவும் விடுகிறது. ஒரே பக்கெட்டில் கோப்பு போடும் நிரலுக்கு இது மிக அதிகம். இன்லைன் பாலிசியில் அனுமதியைச் சுருக்கலாம். ஆனால் ரோலை நீக்கினால் அதுவும் போய்விடும், இன்னொரு ரோலுக்கு வேண்டுமென்றால் மறுபடி எழுத வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். கஸ்டமர் மேனேஜ்டு பாலிசியில் ஐந்து வெர்ஷன்கள் வரை சேமிப்பில் இருக்கும். பழைய பேக்கப்புகளைக் கணக்கெடுப்பதற்காகப் பட்டியலிடும் அனுமதியைச் சேர்க்கப்போன நான், அனுமதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் ரிசோர்ஸ் வரியின் கடைசியிலிருந்த சாய்கோட்டையும் நட்சத்திரக் குறியையும் நீக்கிவிட்டேன். பட்டியலிடும் அனுமதிக்கு பக்கெட்டின் பெயர் மட்டும் போதும்; கோப்பு போடும் அனுமதிக்கோ பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு குறிகளும் வேண்டும். அன்றிரவு பேக்கப் 'ஆக்சஸ் டினைடு' என்று நின்றது. காலையில் முந்தைய வெர்ஷனை டிஃபால்ட்டாக மாற்றியதும் நிரல் ஓடத் தொடங்கியது. பிறகு இரண்டு அனுமதிகளையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து நிதானமாக எழுதிக்கொண்டேன். இன்லைனாக இருந்திருந்தால், வேறெங்காவது நகல் எடுத்து வைத்திருந்தாலொழிய, பழைய வரிகளை நினைவிலிருந்துதான் மீட்டிருக்க வேண்டும். ஆறாவது வெர்ஷனைச் சேமிக்கும் முன் பழையது ஒன்றை நாமே நீக்க வேண்டியிருப்பது சிறு தொல்லை, அவ்வளவுதான்.

எழுதும் உழைப்பு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கணக்கில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் கிளவுட்ரெயில் சேவையின் பதிவுகளைப் பார்த்து, ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் ஆக்சஸ் அனலைசர் என்ற கருவி பாலிசிக்கு ஒரு வரைவைத் தரும். ஆனால் அது அதிகபட்சம் 90 நாள் பதிவுகளையே பார்க்கும், ஆண்டுக்கொருமுறை ஓடும் வேலை அதன் கண்ணில் படாமல் போகலாம். எஸ்3 கோப்புகளைப் படிப்பது, எழுதுவது போன்ற நிகழ்வுகளையும் அது தனித்தனியாகக் காட்டுவதில்லை. எனக்கு வேண்டியிருந்ததோ அந்த நிகழ்வுகள்தான்.

என் அனுபவம் ஒரே கணக்கு, சில ரோல்கள் என்ற அளவிலானது; பல கணக்குகளை ஆளும் பெரிய குழுக்களுக்கு இதே கணிப்பு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஓரிடத்தில் மட்டும் நானும் ஆயத்த பாலிசியையே இன்றும் பயன்படுத்துகிறேன். தணிக்கைக்கு வருபவருக்கு 'செக்யூரிட்டி ஆடிட்' பாலிசியை இணைத்துவிடுகிறேன், ஏனெனில் அமேசான் அதில் செய்யும் மாற்றங்கள் இணைத்த ரோலுக்குத் தானாகவே வந்து சேர்கின்றன. புதிய சேவைகளுக்கான வரிகளை நான் துரத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.