வயிறில்லாத வயலின்: ஒன்றரை வருசம் வாசிச்சுட்டு எழுதறேன்

கோபியில 11 வருசம் கர்னாடக வயலின் கத்துக்கிட்டவன் நான். காலேஜ்ல நாடகம். இப்ப ஈரோட்டுல நாலு பேரு சேர்ந்து ராக் வாசிக்கிறோம், பாட்டு எழுதறது நான். ட்ரம்ஸ் பக்கத்துல மர வயலினுக்கு மைக் வச்சா ஸ்பீக்கர் சத்தத்தையே திரும்ப வாங்கிக்கிட்டு 'கூ'ன்னு கத்தும். அதனாலதான் ஆன்லைன்ல எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு இந்த எலக்ட்ரிக் வயலின்.

வாத்தியார்கிட்டக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஏங்கண்ணு, இதுக்கு வயிறே காணமே"ன்னார். கர்னாடக வயலின்காரர் எல். சங்கரே 10 தந்தியில இரட்டை வயலின் வாசிச்சவருங்கன்னு சொல்லிப் பார்த்தேன், அசையலை. ஆனா வயிறு, அதாவது உள்ள காலியான மரக்கூடு, இல்லாததுதான் இதோட வசதியே. எவ்வளவு சத்தம் வச்சாலும் கத்தறதில்லை.

பிரிச்ச அன்னிக்கே வாசிக்கலாம்னு நினைக்காதீங்க. தந்தியைத் தாங்கற பிரிட்ஜ் தனியா வருது, நாமதான் நிறுத்தணும். ரோசின், அதான் வில்லு மயிருக்குப் போடற பிசின் கட்டி, வழவழன்னு கண்ணாடியாட்டம். உப்புத்தாள்ல நாலு இழு இழுத்துட்டுத்தான் வில்லுல தேய்க்கணும். ச-ப-ச-ப சுருதிக்கு மாத்தினா தந்தியை முறுக்கற பிருடை நிக்கவே மாட்டேங்குது. சாக்பீஸ் தூள் போட்டு அடக்கினேன்.

அப்பறம் சத்தத்தைக் கரகரன்னு ஆக்கற கிட்டார் டிஸ்டார்ஷன் பெடல்ல செருகினேன். ரெண்டு ஸ்வரத்தைச் சேர்த்து இழுத்தா பெரும்பாலும் சேத்தைக் கலக்கின மாதிரி ஆயிரும். ச-வும் ப-வும் சேர்ந்தா மட்டும் கணீர்னு நிக்குது. ராக் கிட்டார்காரங்க பவர் கார்டுன்னு பிடிக்கிறதே இந்த ச-ப தானுங்க. நமக்கு விரலே வைக்காம சும்மா தந்தியில கிடக்குது. 11 வருசம் மடியில வச்சிருந்தும் எனக்கு உறைக்கலை.

நாடகம்தான் சிக்கல். எங்க கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையில (பொன்னர்-சங்கர் கதைதான்), வீரப்பூர் படுகளத்துல செத்துக்கிடக்கற அண்ணன்மாரைப் பார்த்துத் தங்கச்சி தங்காள் அழற இடத்தை வச்சு ஒரு பாட்டு பண்ணினேன். இந்தக் கதையை உடுக்கையடிச்சுப் பாடறவர் ஒத்தை ஆளா அண்ணனாவும் ஆவார், தங்கச்சியாவும் ஆவார். எனக்கு அதை வயலினோட செய்ய ஆசை. நான் பழகினதோ சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்கால்ல ஊணிக்கிட்டு. எந்திரிச்சா கணுக்கால் போச்சு. இடது கை வயலினைத் தாங்கறதா, ஸ்வரத்தை அசைச்சு இழுக்கற கமகத்துக்கு வழுக்கறதா? இது மர வயலினை விடக் கனம் வேற. தோள் ரெஸ்ட் மாட்டி மூணு மாசம் பழகியும், கீழ் ஸ்வரத்துக்கு இறங்கறப்ப வயலினும் கையோட வருது. கடைசியில நாடகத்தையே மாத்திட்டேன். அண்ணன் நின்னுக்கிட்டு நேர் ஸ்வரம் மட்டும் வாசிப்பான். தங்காள் தரையில உக்காந்து கமகத்தோட அழுவா. அந்த இடத்துல ட்ரம்ஸையும் நிறுத்திட்டோம்.

வில்லு மூணாம் மாசமே மயிர் உதிர்ந்துச்சு. வித்தவருக்கு ரெண்டு தடவை எழுதினேன், பதிலே இல்லை. பழைய வில்லுலதான் ஓட்டறேன். கூட வர்ற ஒயரு மேடையில நாலு எட்டு வைக்கப் பத்தாது. ஒயரைக் கழட்டாம வச்சா 9 வோல்ட் பேட்டரி ராவோட ராவா தீந்துருது.

அஞ்சுக்கு மூணு நட்சத்திரம். கச்சேரி பண்றவங்களுக்கு வேண்டாமுங்க. ட்ரம்ஸோட மல்லுக்கட்டறவங்க வாங்கலாம், பேட்டரி ரெண்டு சேர்த்தே வாங்கிக்குங்க.