பானெட் திறக்காத பழைய பிக்கப்: கிரில் வழியா, அடிவழியா?

பழைய பிக்கப்பில் பானெட் மாட்டிக்கொண்டால் பலரும் முதலில் கை வைப்பது கடப்பாரையில். தயவுசெய்து வேண்டாம். விளிம்பில் நெம்பினால் தகடு மடங்கும், பெயின்ட் பெயரும், லாக் அப்போதும் விடாது. லாக்கை இழுத்துத் திறக்கும் கேபிளின் செலவோடு டிங்கரிங் செலவும் தலையில் விழும்.

எந்த வழியில் போகலாம் என்பதை டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் லீவரே சொல்லிவிடும். மெதுவாக இழுத்துப் பாருங்கள். கைக்கு இறுக்கமாக இருந்தும் பானெட் எழும்பவில்லையா? பெரும்பாலும் கேபிள் நன்றாக இருக்கிறது. காய்ந்த கிரீஸும் புழுதியும் சேர்ந்து லாக்கைப் பிடித்துவிட்டன. லீவர் தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது அதன் மேலுறை பிடிமானத்திலிருந்து கழன்றிருக்கிறது.

இறுக்கத்துக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் லீவரை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் லாக்குக்கு நேர் மேலே உள்ளங்கையால் பானெட்டை அழுத்தி அழுத்தி விட வேண்டும். ஸ்பிரிங்கும் ரப்பர் புஷ்ஷும் பானெட்டை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அந்தப் பாரத்தில்தான் லாக்கின் நாக்கு நகராமல் நிற்கிறது. அழுத்தினால் பாரம் குறையும், நாக்கு விடும். ஓங்கிக் குத்தாதீர்கள், தகடு குழிந்துவிடும். காசில்லாத வழி இது. முதல் பத்து நிமிடத்தை இதற்கே கொடுப்பேன்.

தொளதொளப்புக்கு லீவரைக் கழற்ற வேண்டும். கம்பி அடிக்கடி அறுவது லீவர் பக்கத்து முனையில்தான். மிச்ச நுனி தெரிந்தால் வைஸ் கிரிப்பால் (பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் குறடு) கடித்து இழுங்கள். மறு கையால் மேலுறையை நகராமல் பிடிக்க வேண்டும். சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரிதான், உறை நின்றால்தான் உள்கம்பி இழுபடும். ஒருமுறை அவசரத்தில் வெறுங்கையால் சுற்றி இழுத்தேன். பிரிந்த இழை ஒன்று ஆள்காட்டி விரலில் ஊசி போல ஏறியது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேபிளே கைவிட்டால் இரண்டு வழி மிச்சம். ஒன்று வண்டி முகப்பில் இருக்கும் சல்லடையான கிரில் வழி, மற்றது வண்டிக்கு அடியிலிருந்து. என் ஓட்டு கிரில்லுக்கு. திருகுகளைக் கழற்றினாலோ, பல வண்டிகளில் கழற்றாமலேயோ, டார்ச் வெளிச்சத்தில் லாக் கண்ணுக்குத் தெரியும். நீளமான திருப்புளியால் கேபிள் மாட்டும் கொக்கியை, கேபிள் இழுக்கும் அதே திசையில் தள்ளினால் போதும். அதற்கு முன் ரேடியேட்டரை மறைத்து ஒரு தடித்த அட்டையைச் செருகிவிடுங்கள். திருப்புளி வழுக்கினால் ஓட்டை விழும்.

அடிவழியில் கண் உதவாது, கை தடவித்தான் லாக்கைத் தேட வேண்டும். பிக்கப் உயரமாக நிற்பதால் சிலர் ஜாக்கி போடாமலே படுத்து நுழைந்துவிடுவார்கள். ஜாக்கி போட்டால் ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போகவே கூடாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். ரேடியேட்டருக்கு மின்விசிறி உள்ள வண்டியில் இன்ஜின் நின்ற பிறகும் விசிறி சுற்றலாம். கிரில் வழி சரிப்படாத வண்டிக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

திறந்ததும் உடனே மூடிவிடாதீர்கள். லாக்கைச் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். திருப்புளியால் நாக்கைப் பூட்டிய நிலைக்குத் தள்ளி, லீவரை இழுத்தால் விடுகிறதா என்று நான்கைந்து முறை பாருங்கள். புதுக் கேபிள் வரும்வரை லாக் கொக்கியில் ஒரு கம்பியைக் கட்டி கிரில்லுக்குப் பின்னால் மறைத்து வைக்கலாம். தெருவில் நிற்கும் வண்டி என்றால் அதையும் சீக்கிரம் அவிழ்த்துவிடுங்கள், பேட்டரியைத் தூக்க வருபவனுக்கும் அந்தக் கம்பி கைக்கு எட்டும்.