காசோட போன எனக்கு குருவி தராம திருப்பி அனுப்புன கடை

குமரி மாவட்டம் தக்கலை பக்கம் வீட்டுலயே பிஞ்ச்ங்கிற குட்டி கூண்டுக்குருவி வளத்து விக்கிற ஒரு அண்ணாச்சிய பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன், இப்பதான் நேரம் கெடச்சுது. கடைன்னு சொல்றேனே தவிர போர்டு எதுவும் கிடையாது, வீட்டுக்கு பின்னால தென்னைக்கு ஊடால வரிசையா ஏழு ஏவியரி (குருவி பறக்கிற அளவுக்கு பெரிய கூண்டு), முன் திண்ணைல தினை சாக்கு, சாமை சாக்கு, ஒரு தராசு, அவ்ளோதான். பேரு நம்பர் எதுவும் போட வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு, அதனால போடல. அந்த பக்கம் குருவி வளக்கிற யார்கிட்ட கேட்டாலும் வழி சொல்லுவாங்க.

நான் வாங்குனது கார்டன் புளூங்கிற பிஞ்ச். தெரியாதவங்களுக்காக சொல்றேன், வயிறு வானநீலம், முதுகு மண்ணு கலரு, ஆணுக்கு மட்டும் ரெண்டு கன்னத்துலயும் கருஞ்சிவப்பா ஒரு பொட்டு, எடை பத்து கிராம் பக்கத்துலதான் வரும். ஆப்பிரிக்கால செனகல்ல இருந்து எத்தியோப்பியா வரைக்கும் இருக்கிற குருவி இது, ஆனா 1766ல லின்னேயஸ் பேரு வச்சப்ப வங்காளத்து குருவின்னு தப்பா எடுத்துகிட்டதால பெங்காலஸ்னு பேராகி, இன்னைக்கு வரைக்கும் அறிவியல் பேருல அந்த தப்பு அப்படியே இருக்கு. ஜீப்ரா பிஞ்ச்ங்கிற இன்னொரு வகைய வளத்த தைரியத்துல யாரும் இதுல நேரா எறங்கிடாதீங்க. ஜீப்ரா தினையும் கொஞ்சம் கீரையும் இருந்தாலே குஞ்ச தேத்தி விட்டுரும், இது புழு பூச்சி இல்லன்னா குஞ்ச கூட்டுலேந்து தள்ளி விட்டுட்டு போயிட்டே இருக்கும்.

ரெண்டு வருஷம் முன்ன வெளியூர்ல ஒரு கடைல ரெண்டு ஜோடி வாங்கினேன். எந்த ஊரு எந்த கடைன்னு சொல்ல விருப்பமில்ல. "இதுவும் ஜீப்ரா மாதிரிதான், தினை போட்டா போதும்"னு சொல்லி அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு குடுத்தாங்க, ராத்திரி பஸ்ல மடில வச்சே கொண்டு வந்தேன். ஒன்பதாவது நாள் காலைல கடைசி பெட்டையும் போச்சு. முந்தின நாள் சாயங்காலமே அது தரைல உக்காந்திருந்துது, ரோமத்த எல்லாம் பொம்முன்னு உப்பிகிட்டு கண்ண பாதி மூடிகிட்டு. கையில எடுத்தா பறக்க கூட பாக்கல, நெஞ்ச தடவுனா நடு எலும்பு கத்தி முனை மாதிரி கையில குத்துது, சதையே இல்ல. வாங்குறப்பவே நெஞ்ச தொட்டு பாக்கணும்னு எனக்கு யாருமே சொல்லி தரல. அதுக்கப்புறம் ஒரு வருஷம் கூடு காலியாவே கெடந்துது.

அந்த மனசோட தான் இந்த அண்ணாச்சிகிட்ட போனேன். தோவாளைலேந்து வடசேரி வந்து தக்கலை பஸ் மாறி, கைல பணம், மடக்கி வச்ச குட்டி கூண்டு எல்லாம் ரெடியா. அவரு குருவியவே காட்டல, திண்ணைல உக்கார வச்சு கேள்வி மட்டும் கேட்டாரு. கூடு எவ்ளோ நீளம், வலை என்ன சைசு, காலைல வெயில் விழுமா, உனக்க வீடு எங்க. தோவாளைன்னு சொன்னதும் "மேக்க என்ன இருக்கு?"ன்னு கேட்டாரு. எனக்கு புரியல. ஆரல்வாய்மொழி கணவாய் காத்து ஆனி ஆடில எப்பிடி அடிக்கும்னு உனக்கே தெரியும்லா, முப்பந்தல்ல கரண்டு எடுக்கிற காத்தாடி சுத்துறது அந்த காத்துலதானே, பத்து கிராம் குருவி ராத்திரி பூரா அதுல உக்காந்தா விடியிறதுக்குள்ள வெறச்சு போவும்னு சொன்னாரு. என் கூடு நாலு பக்கமும் வலைதான். முதல் நாலும் ஏன் செத்துதுன்னு அப்பதான் பாதி வெளங்குச்சு.

கடைசில சொன்னது இன்னும் காதுல இருக்கு. "இப்ப குருவி தரமாட்டேன் மக்ளே. மேக்க பக்கம் தகரம் அடிச்சு மறச்சுட்டு, கறையான் பிடிக்க படிச்சுட்டு வா, பெறவு பாப்போம். எனக்க கையால சாவுக்கு அனுப்ப மாட்டேன்." பஸ் காசு வீணான கோவத்துலதான் திரும்பி வந்தேன், ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சப்ப காசு எடுத்து நீட்டுறவன்கிட்ட வேண்டாம்னு சொல்ற கடைக்காரர நான் அதுவரைக்கும் பாத்ததே இல்லன்னு தோணுச்சு.

அவரு சொன்னபடியே பண்ணேன். எட்டுக்கு நாலு அடி, உசரம் ஆறரை. மேக்கயும் பின்பக்கமும் தகர ஷீட், முன்பக்கம் கெழக்க பாத்து வலை, கூரை முக்கால்வாசி மூடி கால்வாசி மட்டும் வெயிலுக்கு. அரை இஞ்ச் வலைய பிரிச்சுட்டு கால் இஞ்ச் போட்டேன், அரை இஞ்ச்ல சுண்டெலி குஞ்சும் குட்டி பாம்பும் நுழைஞ்சிரும், எலி உள்ள வந்தா தினைல மூத்திரம் பெய்யும், ராத்திரி குருவிய கலைச்சு விடும். கதவு ரெண்டு, ஒண்ணு மூடுன பெறவுதான் அடுத்தத தெறக்கணும். தரை சிமெண்ட் போட்டு மேல காய்ஞ்ச ஆத்து மணல். நம்ம ஊருல தென்மேற்கும் பெய்யும் வடகிழக்கும் பெய்யும், தரை ஈரமாவே கெடந்தா வயித்துப்போக்கு வந்து ஒண்ணொண்ணா போகும், அதனால வாரம் ஒருக்கா மணல் மாத்துறேன்.

கறையான் பிடிக்கிறது நம்ம பாட்டிமார் கோழிக்குஞ்சுக்கு பண்ண அதே வேலைதான். பழைய மண்பானைல நனைச்ச கதம்பலும் (தேங்காமட்டை) அட்டைத்துண்டும் காய்ஞ்ச சாணியும் அடைச்சு, புத்து இருக்கிற தென்னை மூட்டுல கவுத்தி வச்சா மறுநாள் காலைல பானைக்குள்ள வெள்ளை வெளேர்னு நெறஞ்சிருக்கும். வெள்ளை தாள்ல தட்டி மண்ண ஊதி விட்டுட்டு குடுக்கலாம். கட்டடத்துக்கு கறையான் மருந்து அடிச்ச எடத்துல மட்டும் பிடிச்சிராதீங்க, அது குருவிக்கும் விஷம்தான். மீல்வாம்ங்கிற மாவுப்புழு அவருகிட்டயே கெடைக்குது, ஆனா தோல் உரிச்சு வெள்ளையா இருக்கிற சின்ன புழுவ மட்டும் பொறுக்கி போட சொன்னாரு, மத்தது குஞ்சுக்கு கெட்டி. இன்னொண்ணும் சொல்லி தந்தாரு, மட்டிப்பழத் தோல ஒரு வாளில போட்டு மேல வலை கட்டி ஏவியரி உள்ளயே வச்சுட்டா பழ ஈ தானா வந்து பெருகும், குருவி வலை மேல உக்காந்து ஒவ்வொண்ணா கொத்திகிட்டே இருக்கும். கீழ பாதி முத்துன கினியா புல் கதிர் கட்டி தொங்க விட்டா அதையும் உரிச்சு தின்னும்.

ரெண்டாவது தடவ கூட்டோட போட்டோவும் ஒரு டப்பால கறையானும் கொண்டு போனேன். டப்பாவ தெறந்து பாத்துட்டு சிரிச்சாரு, அன்னைக்கு தான் பின்னால கூட்டிட்டு போயி காட்டுனாரு. அம்மா அப்பா எது, எந்த மாசம் பொரிஞ்ச குஞ்சுன்னு ஒரு நோட்டுல எழுதியே வச்சிருக்காரு. கன்னத்துல செவப்பு முழுசா எறங்காத ஆண தரவே மாட்டாரு. என் கையில வச்சு நெஞ்ச தடவ சொன்னாரு, ரெண்டு பக்கமும் சதை உருண்டையா இருந்துது. ஜோடி 6500 ரூபா குடுத்தேன். ஒரு ஏவியரிக்கு ஒரு ஜோடி தான், ரெண்டு ஆண் இருந்தா முட்டை வைக்கிற காலத்துல ஒண்ண ஒண்ணு வெரட்டி கொன்னுரும்னு சொல்லி ரெண்டாவது ஜோடிய நான் கேட்டும் தரல. இதே ஆளுகிட்ட முனியாங்கிற நாட்டு குட்டி குருவிக்கு சாயம் அடிச்சு கலர் குருவின்னு மொத்தமா கொண்டு வந்து குடுக்க பாத்திருக்காங்க, வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாராம். நம்ம நாட்டு முனியா எதையும் புடிக்கவோ விக்கவோ வளக்கவோ 1972 வனவிலங்கு சட்டத்துல எடமில்ல, சாயம் பூசுனா சட்டம் மாறிராது, வாங்குற நாமளும் சேந்து மாட்டுவோம்.

முதல் ஒரு மாசம் ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒரு நாள் காலைல பாத்தா ஆண் ஒரு நீள தேங்காநார வாயில நுனிய புடிச்சுகிட்டு தலைய மேல தூக்கி குதிச்சு குதிச்சு பாடுது, பெட்டை பக்கத்துலயே உக்காந்து வால திருப்பி காட்டுது. 2015ல ஜப்பான் ஜெர்மனி ஆராய்ச்சிக்காரங்க இதோட சொந்தக்காரன் நீலத்தலை கார்டன் புளூவ ஹைஸ்பீட் கேமராவுல எடுத்தப்ப, குதிக்கிறப்ப கால் கொம்புல வேகமா தட்டுறது தெரிஞ்சிருக்கு, நம்ம கண்ணுக்கு அது புடிபடாது, ஆணும் தட்டுமாம் பெண்ணும் தட்டுமாம். எனக்கு குதிக்கிறது மட்டும் தான் தெரிஞ்சுது, அதுவே போதும்னு நின்னு பாத்தேன். முட்டை வைக்க பொட்டி எதுவும் வைக்கல, சவுக்கு கொம்ப கட்டா கட்டி மேல் மூலைல வச்சிருந்தேன், அதுக்குள்ள நாரும் புல்லும் வச்சு உருண்டையா கட்டி உள்ள வெள்ளைக்கோழி எறகு அடுக்கி நாலு முட்டை. எட்டி பாக்காதேன்னு கண்டிப்பா சொல்லியிருந்தாரு, ஜீப்ரா கூட்ட எத்தன தடவ பாத்தாலும் கண்டுக்காது, இது ஒரு தடவ பாத்தாலே விட்டுட்டு போயிரும். முட்டைத்தோல் கீழ கெடந்தத வச்சுதான் பொரிஞ்சுதுன்னு தெரிஞ்சுகிட்டேன். அன்னையிலேந்து விடிஞ்சதும் கறையான், பத்து மணிக்கு ஒருக்கா, மதியம், நாலு மணி, வேலைக்கு போற நாள்ல அம்மாதான் போட்டாங்க. பத்தொன்பதாவது நாள் ரெண்டு குஞ்சு வெளிய வந்துது.

வந்த அன்னைக்கு சாயங்காலமே மழை. ஒண்ணு கூட்டுக்குள்ள திரும்பி போயிருச்சு, இன்னொண்ணு தரைலயே ஒரு மூலைல நனைஞ்சு உக்காந்திருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு அண்ணாச்சிக்கு போன் பண்ணேன். அவசரப்படாதே, பய்ய ஒரு துணில எடு, சின்ன கூண்டுல வச்சு ஒரு பக்கம் மட்டும் நாப்பது வாட் குண்டு பல்பு போடு, சூடு கூடினா மறுபக்கம் தள்ளி போக எடம் இருக்கணும், விடிஞ்சதும் அப்பன் கண்ணுக்கு படுற எடத்துல விடுன்னு ஒவ்வொண்ணா சொல்லி, காலைல ஆறு மணிக்கு அவரே திருப்பி கூப்பிட்டு கேட்டாரு. பொழச்சுகிச்சு. இப்ப அதுக்கு கன்னத்துல செவப்பு எறங்க ஆரம்பிச்சிருக்கு.

கொறையும் சொல்லணும். தினைல தூசியும் கல்லும் ஜாஸ்தி, நான் பொடைச்சு கழுவி வெயில்ல காய வச்சுதான் போடுறேன். முட்டை உணவுன்னு பாக்கெட்ல விக்கிறது விலை அதிகம், அவிச்ச முட்டைய ரொட்டித்தூளோட பிசைஞ்சு நீங்களே போடலாம், நம்ம ஊரு ஈரத்துக்கு ரெண்டு மணி நேரத்துல எடுத்துரணும். கணவாய் மீன் ஓட்டுக்கு காசு குடுக்கவே வேண்டாம், முட்டம் கடற்கரைல பொறுக்கி நல்ல தண்ணில ஊற வச்சு காய வச்சா போதும், அது இல்லன்னா பெட்டைக்கு முட்டை உள்ளயே சிக்கிக்கும். பகல்ல போன் எடுக்கவே மாட்டாரு, பில்லும் கேட்டாதான் எழுதுவாரு, நீங்க கேட்டு வாங்கிக்கோங்க. வித்த குருவிய திருப்பி எடுக்க மாட்டாரு, மத்த குருவிக்கு நோய் வந்துருமேன்னு சொல்றாரு, அது நியாயமாதான் படுது.

ஞாயித்துக்கிழம காலைல கோயிலுக்கு போயிருவாரு, சனிக்கிழம ஒன்பது மணிக்கு முன்ன போனா நிதானமா பேசலாம். போறப்ப கூட்ட நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு போங்க, மேக்க என்ன இருக்குன்னு கண்டிப்பா கேப்பாரு.