பாஸ்த்ரூ ஆர்ஜே-45: வீட்டுக்குள் சரி, வெளியே வேண்டாம்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கணினிக் கடையில் ஆர்ஜே-45 (நெட்வொர்க் கேபிளின் நுனியில் போடும் கனெக்டர்) கேட்டால், முன்னுக்கு ஓட்டை உள்ளதா அடைத்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓட்டை உள்ளதுதான் பாஸ்த்ரூ. எட்டு வயரும் கனெக்டரின் மூக்கு வழியாக வெளியே வரும். அதற்கான கிரிம்பர் (கனெக்டரை அழுத்திப் பொருத்தும் குறடு) பின்களை, அதாவது வயரைத் தொடும் உலோகத் தகடுகளை, அழுத்தும்போதே நீட்டிய மிச்சத்தை வெட்டியும் விடும். 100 கொண்ட பையாக விற்கும் இந்தச் சாமான் வீட்டுக்கும் ஆபிசுக்கும் நல்லது. கூரைக்கு வெளியே தொங்கும் கமராவுக்கு வேண்டாம்.

அடைத்த கனெக்டரில் வயர்களைச் சுமார் 13 மி.மீ.க்கு ஒரே மட்டமாக வெட்ட வேண்டும். குட்டையானால் பின் தொடாது. நீளமானால் வெளியுறை உள்ளே போகாமல், கவ்வும் நாக்கு வெறும் வயரையே பிடிக்கும். கொஞ்சம் இழுத்தாலே கழன்றுவிடும். பாஸ்த்ரூவில் இந்தத் தொல்லை இல்லை. 4 செ.மீ. உரித்து, நிறம் அடுக்கி நுழைத்து, உறை முட்டும்வரை இழுத்தால் போதும். அழுத்துமுன் வெளியே நீட்டும் நிறங்களை இன்னொரு தடவை வாசிக்கலாம். கிளிப் கீழே இருக்க, இடமிருந்து வலமாக: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இது டி568பி எனப்படும் நிலையான நிற வரிசை.

கேபிளுக்குள் வயர்கள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும். பச்சை ஜோடி நடுவில் நீலத்துக்கு இடம் விட்டு 3, 6-ஆம் பின்களில் பிரிந்து உட்காருவது அழகுக்காக அல்ல. ஜோடி ஜோடியாகவே அடுக்கிவிட்டால் 3-ம் 6-ம் வேறு வேறு முறுக்கில் போய்விடும், சிக்னல் கலங்கும், வேகம் படுத்துவிடும். விளக்கு எரியும் மலிவு டெஸ்டரோ எட்டும் சரி என்றே காட்டும்.

பாஸ்த்ரூவின் குறை கனெக்டரில் இல்லை, கிரிம்பரின் பிளேடில். பிளேடு மழுங்கினால் செம்பு வெட்டுப்படாமல் நசுங்கி, பக்கத்து வயரை நோக்கி மீசை போல நீளும். போன் கமராவைப் பெரிதாக்கி மூக்கைப் பாருங்கள்: எட்டுப் புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்லது, ஒரு இழை சாய்ந்திருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுப்பது) பலவற்றில் 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் இடையில் சுமார் 48 வோல்ட் நிற்கும், மீசை தொட்டால் ஷோர்ட்தான். சாதாரணக் கிரிம்பரால் அழுத்திவிட்டு சவர பிளேடால் சீவுபவர்களுக்கு வருவதும் இதே வினைதான்.

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துப் பனியில் இது இன்னும் மோசம். வெட்டிய செம்பு முனை திறந்தே கிடக்கிறது. ஈரம் படிந்து, அதன்மேல் மின்னோட்டமும் இருந்தால் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். வெளியே என்றால் மூக்கு அடைத்த கனெக்டர், நீர் புகாத பெட்டி, பெட்டிக்குக் கீழே கேபிளில் ஒரு வளைவு வேண்டும். அந்த வளைவு இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் கேபிள் வழியே நேராகக் கனெக்டருக்குத்தான் இறங்கும்.

வாங்கும்போது எந்தக் கேபிள் வகைக்கு, கேட்5ஈ-யா கேட்6-ஆ, என்று பையில் பார்த்து எடுங்கள். கேட்6 வயர் தடிப்பானது, சிறிய ஓட்டைக்குள் ஏறாது. திடவயருக்கும் இழைவயருக்கும் பின்னின் பல் வேறு. கேபிளையும் சந்தேகியுங்கள்: செம்பைக் கத்தியால் சுரண்டி உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், எந்தக் கனெக்டரும் அதைக் காப்பாற்றாது. கிகாபிட் (1000 மெகாபிட்) வேக லைன் திடீரென 100 மெகாபிட்டுக்கு இறங்கினால் முதலில் நீலத்தையும் கபிலத்தையும் பாருங்கள். 100-க்கு 1, 2, 3, 6-ஆம் பின்கள் மட்டும் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக: சின்ன ஆர்ஜே-11 தொலைபேசிக்கு, திருகும் எஃப் கனெக்டர் டிஷ் டிவிக்கு, முறுக்கிப் பூட்டும் பிஎன்சி பழைய சிசிடிவிக்கு. ஃபைபருக்கு (ஒளி செல்லும் கண்ணாடி இழைக் கேபிள்) எஸ்சி கனெக்டர், அதில் பச்சைத் தலை 8 பாகை சாய்வாகத் தீட்டியது, நீலத் தலையுடன் கோக்கவே கூடாது.

தேயிலை பெக்டரிக்கும் பங்களாவுக்கும் இடையில் லைன் இழுப்பதானால் இந்தப் பையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். செம்பு கேபிளுக்கு 100 மீற்றர்தான் எல்லை, ஏப்ரல் இடிமின்னலில் இரண்டு பக்கச் சுவிட்சும் சேர்ந்து போகும். அங்கே உலோகக் கம்பி இல்லாத ஃபைபர்தான் சரி.