காகத்தையும் எழுதச் சொல்லும் செயலி: ஈபேர்ட், ஆறு வருடத்துக்குப் பிறகு

ஈபேர்ட் செயலியைப் பற்றிப் போன வாரம் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர், "போனில் இடமே இல்லை, இதை ஏற்றித்தான் ஆக வேண்டுமா?" என்றார். இன்னொருவர், "மெர்லின் செயலி இருக்கிறதே, பறவை கத்தினால் பெயரையே சொல்லிவிடுகிறது, அப்புறம் இது எதற்கு?" என்றார். ஒவ்வொருவருக்கும் தனியாக டைப் அடித்துக் கை சலித்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். இது இலவசம்தான், கொடுத்த காசுக்குத் தகுமா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஆறு வருடமாகப் பெரும்பாலான காலைகளை இதற்குக் கொடுத்திருக்கிறேன், அந்தக் கணக்கில் ஒரு விமர்சனம் எழுத எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: எங்கே நின்றீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்னென்ன பறவை, எத்தனை. இதை எழுதி வைக்கும் இடம்தான் ஈபேர்ட். அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002இல் தொடங்கியது, 2010இல் உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டார்கள். இந்தியாவில் இதைக் கவனித்துக்கொள்வது பேர்ட் கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், 2015இலிருந்து நடக்கிறது, அந்தப் பட்டியல்கள் எல்லாம் இதில்தான் போய்ச் சேருகின்றன.

நான் வழக்கமாக நிற்பது திருநெல்வேலி டவுனில் நயினார்குளத்துக் கரை. ஒரு பக்கம் மார்க்கெட் லாரிகள், இன்னொரு பக்கம் தண்ணீர். பைக்கை ஓரங்கட்டிவிட்டுச் செயலியைத் திறந்து பட்டியலைத் தொடங்கினால் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். முழுப்பெயரையும் அடிக்க வேண்டாம். ஆங்கிலப் பெயரின் இரண்டு சொற்களிலிருந்தும் முதல் இரண்டிரண்டு எழுத்தைத் தட்டினால் போதும், பறவை மேலே வந்து நிற்கும். ஒரு கையில் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கைக் கட்டைவிரலால் இதைச் செய்யப் பழகிவிட்டேன். நெடுங்கால் உள்ளான் கூட்டத்தைப் பத்துப் பத்தாகக் கண்ணால் வெட்டி எண்ணிக்கொண்டு போவேன். பாதியில் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடிப்பார், மொத்தக் கூட்டமும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வேறு இடத்தில் உட்காரும், மறுபடி முதலிலிருந்து. டீக்கடை அண்ணாச்சி ஆரம்பத்தில் என்னைக் குளத்து ஆக்கிரமிப்பை அளக்க வந்த ஆள் என்று நினைத்திருக்கிறார். "தம்பி, எந்த ஆபீஸு?" என்று கேட்டே விட்டார். இப்போது அவரே, நான் போகாத நாளில் கூழைக்கடா வந்திருந்தால் சொல்கிறார்.

இதெல்லாம் வசதி. வசதியான செயலிகள் ஆயிரம் இருக்கின்றன. எனக்கு ஈபேர்ட் பிடித்ததற்குக் காரணம் கடைசியில் அது கேட்கும் ஒரு கேள்வி. பட்டியலை அனுப்புவதற்கு முன்னால், உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று கேட்கும். ஆம் அல்லது இல்லை. முதல் இரண்டு மாதம் யோசிக்காமல் ஏதோ ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது.

என் வீட்டுப் பரணில் பதினோரு நோட்டு இருக்கிறது. 2004இலிருந்து எழுதியவை. தேதி, இடம், பார்த்த பறவை. கூந்தன்குளத்துக்குப் போய்ப் பட்டைத்தலை வாத்தை முதல்முதலாகப் பார்த்த நாளில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், படமெல்லாம் வரைந்திருக்கிறேன். பழைய குறிப்புகளையும் ஈபேர்டில் ஏற்றலாம் என்பதால் ஒரு மழைக்கால விடுமுறையில் தூசி தட்டி எடுத்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால், எங்கேயும் காகம் இல்லை. மைனா இல்லை. தவிட்டுக்குருவி இல்லை. காகத்தை எவன் எழுதுவான் என்ற நினைப்பு. எவ்வளவு நேரம் நின்றேன் என்பதும் இல்லை. அப்படியே ஏற்றினால் இன்ன நாளில் இன்ன பறவை இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். முழுப்பட்டியலா என்ற கேள்விக்கு அந்தப் பதினோரு நோட்டிலும் ஒரு பக்கத்துக்குக்கூட ஆம் என்று மனசாட்சியோடு தட்ட முடியவில்லை.

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஒரு பறவை குறைகிறதா கூடுகிறதா என்று சொல்ல அது இருந்த நாட்கள் மட்டும் போதாது, ஆள் போய் நின்றும் அது கண்ணில் படாத நாட்களும் வேண்டும். நூறு முழுப்பட்டியலில் நாற்பதில் ஒரு பறவை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அதே பகுதியில் நூறு பட்டியலில் இருபதில்தான் இருக்கிறது என்றால் ஏதோ நடந்திருக்கிறது. அரிய பறவையை மட்டும் எழுதுகிறவனின் குறிப்பில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது, ஏனென்றால் அவன் எழுதாமல் விட்டது பார்க்காததாலா, மதிக்காததாலா என்று யாருக்குத் தெரியும்?

பனங்காடையையே எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறந்தால் நீலம் பளிச்சென்று தெறிக்கும், நம் சின்ன வயதில் பஸ் ஜன்னலில் பார்க்காத நாளே இருந்திருக்காது. ஈபேர்ட் பட்டியல்களை வைத்து 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை நோக்குபவர்கள், மூன்று கோடிப் பதிவுகள், 942 இனங்கள். அதில் கவலைக்குரிய அளவு சரிந்துவிட்டது, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் குறிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் இதன் நிலையை மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லப்பட்ட பறவைகளில் பனங்காடையும் ஒன்று. படித்துவிட்டுப் பரணில் ஏறினேன். பதினோரு நோட்டிலும் சேர்த்துப் பனங்காடை நான்கு முறைதான் இருக்கிறது. அதில் ஒன்று, அது அலகில் ஒரு பாம்புக்குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு போனது என்பதற்காக எழுதியது. மற்ற நாளெல்லாம் கம்பியில் உட்கார்ந்திருந்திருக்கிறது, நான்தான் எழுதவில்லை.

மாறாக மயில் நாடு முழுக்கப் பெருகியிருக்கிறது என்கிறது அதே அறிக்கை. நம் ஊர்ப் பக்கம் விவசாயிகளிடம் கேட்டால் இதற்கு அறிக்கை வேறா என்பார்கள். சிட்டுக்குருவி சமாச்சாரம் இன்னும் சுவாரசியம். செல்போன் டவரால் நாடு முழுக்க ஒழிந்துவிட்டது என்று வருடம் தவறாமல் மார்ச்சில் வாட்ஸப்பில் சுற்றுகிறதே, 2020இல் வந்த முந்தைய அறிக்கை மொத்தத்தில் அது ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. சிட்டுக்குருவியை எழுதிவைத்த ஆயிரக்கணக்கான சலிப்பூட்டும் பட்டியல்கள் இல்லாமல் இதைச் சொல்லியிருக்க முடியாது.

சரி, எவன் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாமே, இதை எப்படி நம்புவது? நானும் கேட்ட கேள்விதான், பதில் என் தலையிலேயே விழுந்தது. ஒரு டிசம்பர் காலையில் ஊசிவால் வாத்து 400 என்று அடிப்பதற்குப் பதில் 4000 என்று அடித்துவிட்டேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் இன்ன பறவை இவ்வளவு வரை வரலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், தாண்டினால் விவரம் கேட்கும். நானோ அவசரத்தில் "நன்றாக எண்ணினேன்" என்று வீம்பாக எழுதி அனுப்பிவிட்டேன். நாலு நாளில் சரிபார்ப்பவரிடமிருந்து மின்னஞ்சல். அவரும் சம்பளம் வாங்காத ஒரு பறவைப் பைத்தியம்தான், இப்படிச் சரிபார்ப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். எப்படி எண்ணினீர்கள், படம் ஏதும் உண்டா என்று பணிவாகக் கேட்டிருந்தார். படித்ததும் சுர்ரென்று கோபம் வந்தது, நம்மையே சந்தேகப்படுகிறானே என்று. பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒரு சைபர் அதிகம். மன்னிப்புக் கேட்டுத் திருத்தினேன். அன்றிலிருந்து அனுப்புவதற்கு முன் ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்க்கிறேன்.

இன்னொரு கூத்து: பட்டியலை முடிக்க மறந்து பைக்கில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவது. செயலி கூடவே வரைந்துகொண்டு வந்த பாதையைப் பார்த்தால் நான் பாளையங்கோட்டை சிக்னலில் பறவை பார்த்துக்கொண்டு நின்றது போல இருக்கும். தூரத்தையும் நேரத்தையும் பிறகு திருத்திக்கொள்ளலாம், ஆனால் பேட்டரி போனது போனதுதான்.

மெர்லினுக்கு வருகிறேன். அதுவும் கார்னெல்தான், அதுவும் இலவசம், அடையாளம் காண உதவுவது அதன் வேலை. ஈபேர்ட் கணக்குப்பிள்ளை, மெர்லின் பக்கத்தில் நின்று காதைக் கடிக்கும் நண்பன். நண்பன் சொன்னதையெல்லாம் கணக்கில் ஏற்றக்கூடாது. போன் திரையில் பெயர் வந்தது என்பது பார்த்ததற்கோ கேட்டு உறுதி செய்ததற்கோ சமமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால் துடுப்புவால் கரிச்சான் என்று ஒன்று, நாலைந்து பறவைகளின் குரலை வரிசையாக மிமிக்ரி செய்யும், மனிதக் காதே ஏமாறும்போது மைக் எம்மாத்திரம். பெயர் வந்தால் அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்புங்கள், பார்த்தபின் எழுதுங்கள். நான் மெர்லினை இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

குறை இல்லையா என்றால் உண்டு. ஆள் போகும் இடத்தில்தான் பட்டியல் விழுகிறது. குளத்துக்கும் சரணாலயத்துக்கும் ஆயிரம் பட்டியல், நடுவில் இருக்கும் தேரிக்காட்டுக்கும் மானாவாரிக் கரிசலுக்கும் ஒன்றிரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவைகள் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் பறவைகள் அல்ல. ஆராய்ச்சியாளர்கள் இதற்கெல்லாம் கணக்கில் ஈடுகட்டுகிறார்கள் என்றாலும், ஆளே போகாத இடத்தை எந்தக் கணக்கும் நிரப்பாது. கேரளத்தில் இதை வேறு மாதிரி செய்தார்கள். மாநிலத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தெந்தக் கட்டத்துக்குப் போவது என்று முதலிலேயே தீர்மானித்து, 2015இலிருந்து 2020 வரை தன்னார்வலர்கள் போய் எண்ணினார்கள், கேரளப் பறவை அட்லஸ் என்று பெயர். அதையும் இதே ஈபேர்டில்தான் எழுதினார்கள். ஆகக் குறை கருவியில் பாதி, நம் சோம்பலில் பாதி. பொறாமையாக இருக்கிறது, ஒளிப்பானேன்.

தகவலைப் பொதுவில் வைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஈபேர்ட் பதிவுகள் ஜிபிஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத் தளத்துக்கும் போகின்றன, ஆராய்ச்சிக்கு யாரும் கேட்டு வாங்கலாம், அது நல்லது. ஆனால் கூடு எங்கே என்பது கேமராக்காரர்களுக்கும் பிடிப்பவர்களுக்கும் நல்ல செய்தி. ஆபத்துள்ள சில இனங்களுக்குத் துல்லியமான இடத்தை ஈபேர்ட்காரர்களே பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறார்கள். மற்றவற்றுக்கு நம் புத்திதான் துணை. நான் கூடு பார்த்தால் பறவையை மட்டும் எழுதுகிறேன், கூட்டைப் பற்றிக் குறிப்பும் படமும் குஞ்சு பறந்த பிறகு. பட்டியலையே மறைத்து வைக்கவும் வழி இருக்கிறது.

யாருக்கு இது வேண்டாம்? செடி, பட்டாம்பூச்சி, தவளை என்று எல்லாமும் பார்க்கிறவர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட்தான் பொருத்தம், இதில் பறவை மட்டும்தான். அரிய பறவைக்குப் பின்னால் மட்டும் ஓடுகிறவர்களுக்கு இது போரடிக்கும். பார்த்த இனங்களின் எண்ணிக்கையைக் காட்டி, மாவட்டத்தில் நீ எத்தனையாவது என்று காட்டும் பட்டியலும் உண்டு. அதில் சிக்கி ஒரு வருடம் நானும் அலைந்தேன், பெட்ரோல் செலவை மனைவி கணக்குப் போட்டுக் காட்டியபின் நிறுத்தினேன். மற்றபடி வாசலில் பதினைந்து நிமிடம் நிற்க முடிகிற யாரும் ஏற்றலாம். சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதலாம், பிறகு அனுப்பிக்கொள்ளலாம். எண்ண முடியாதபோது எண்ணுக்குப் பதில், பறவை இருந்தது என்று மட்டும் காட்ட எக்ஸ் போட இடம் உண்டு, ஆனால் தோராயமாக ஒரு எண் எக்ஸைவிட எவ்வளவோ மேல்.

இன்று காலை மாடியில் பதினைந்து நிமிடம் நின்றேன். காகம் 22, மைனா 9, தவிட்டுக்குருவி 7, மாடப்புறா 14, பச்சைக்கிளி 3, செம்போத்து குரல் மட்டும் 1. பனங்காடை இல்லை. எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா என்று கேட்டது, ஆம் என்று தட்டிவிட்டுக் காபி குடிக்க இறங்கினேன்.